தாமதமாகப் பழுப்பவர்: மானுவல் ஃப்ரீட்ரிக்கின் ஆட்ட வாழ்வு, கொல்லிமலையிலிருந்து ஓர் ஆய்வு

முன்னுரை

கொல்லிமலையில் சமதளம் தானாகக் கிடைப்பதில்லை. வயலானாலும் வீடானாலும் விளையாடும் இடமானாலும் சரிவைச் செதுக்கி, மண்ணைத் தள்ளி, கரை கட்டித்தான் பெற வேண்டும். செம்மேட்டுக்கு அருகே அப்படிச் செதுக்கிய ஒரு மைதானத்தில் பிள்ளைகள் பந்தாடுவதைச் சில ஆண்டுகளாகப் பார்த்துவருகிறேன். மூன்று பக்கம் மேடு, நான்காவது பக்கம் பள்ளம். பள்ளத்தில் காபித் தோட்டம், நிழலுக்கு நட்ட சில்வர் ஓக் மரங்கள், அவற்றின் மேல் ஏறிய மிளகுக்கொடி. பந்து அந்தப் பக்கம் உருண்டுவிட்டால் ஆட்டம் பத்து நிமிடம் நின்றுபோகும். அதனால், அணி பிரிக்கும்போதே பள்ளத்துப் பக்கம் யார் நிற்பது என்பதைத்தான் முதலில் பேசி முடிப்பார்கள்.

அங்கே வழக்கமாக நிற்கும் ஒரு பையனுக்கு அப்போது 13 வயது. அந்தக் கூட்டத்தில் வேகமானவன் அவனில்லை. ஆனால் பந்து கிளம்பும் முன்பே அவன் கிளம்பிவிடுவான். எப்படித் தெரிகிறது என்று ஒருமுறை கேட்டேன். "அடிக்கிறவன் இடுப்பு திரும்புச்சு சார். இந்தப் பக்கந்தான் வரும்னு தெரிஞ்சுபோச்சு" என்றான். அதைச் சொல்லும்போதும் அவன் கண் என்மேல் இல்லை, பந்தின்மேல்தான் இருந்தது.

இக்கட்டுரை ஆராய்வது ஜெர்மானியத் தடுப்பாட்டக்காரர் ஒருவரின் தொழில்வாழ்க்கையை. மைன்ஸ், லெவர்குசன், டோர்ட்மண்ட் அணிகளில் ஆடி, கடைசியில் இந்திய மண்ணுக்கு வந்து மும்பை சிட்டி அணியின் சட்டையை அணிந்த மானுவல் ஃப்ரீட்ரிக் அவர். உலகப் புகழ்பெற்ற பெக்கன்பவுவரையோ பிலிப் லாமையோ விட்டுவிட்டு இவரை எடுத்துக்கொண்டதற்குக் காரணம் உண்டு. அவர்கள் மேதைகள். மேதையின் வாழ்க்கை ஓர் ஊரின் ஏற்பாடுகளைக் காட்டாது. நல்ல ஆட்டக்காரர் ஒருவரின் வாழ்க்கைதான் அதைக் காட்டும். தடுப்பாட்டக்காரர் தாமதமாகப் பழுப்பவர். தாமதமாக வருபவருக்கும் ஏறப் படி வைத்திருக்கும் நாட்டில்தான் அவர் உருவாகிறார். இதுவே நான் நிறுவ முயல்வது.

1. சொல்லும் பொருளும்

நம் ஊர்ப் பிள்ளைகள் "டிஃபென்ஸ்", "பேக்" என்கிறார்கள். நடுவில் நிற்பவரைப் பழைய ஆட்டக்காரர்கள் "ஸ்டாப்பர்" என்பார்கள். பத்திரிகைத் தமிழில் தடுப்பாட்டக்காரர். நான்குமே தடுத்தல், நிறுத்தல், பின்னால் நிற்றல் என்ற எதிர்மறைப் பொருளில் நின்றுவிடுகின்றன.

பழந்தமிழ்ப் போரிலக்கணத்தில் இதைவிடச் செறிவான சொற்கள் இருக்கின்றன. மதிலை வளைப்பவர் சூடுவது உழிஞை, உள்ளிருந்து காப்பவர் சூடுவது நொச்சி. ஆநிரையைக் கவர்வது வெட்சி, கவர்ந்ததை மீட்பது கரந்தை. தொல்காப்பியர் நொச்சியை உழிஞைக்குள்ளும் கரந்தையை வெட்சிக்குள்ளும் அடக்கிவிட்டார். பின்னால் வந்த ஐயனாரிதனார் தம் புறப்பொருள் வெண்பாமாலையில் இரண்டுக்கும் தனித்தனிப் படலம் தந்தார். காப்பவரின் செயல் தாக்குபவரின் செயலுக்கு வெறும் எதிரொலி அல்ல, அதற்கென்று தனி ஒழுக்கம் உண்டு என்று அவர் கண்டிருக்கிறார் என்றே நான் இதைப் படிக்கிறேன். ஸ்டாப்பரின் வேலையும் இந்த இரண்டும்தான். இடத்தைக் காப்பது நொச்சி. பந்தை மீட்டு முன்னே அனுப்புவது கரந்தை.

இந்த மலையின் தலைவன் வல்வில் ஓரியும் கடைசியில் நொச்சிப் பக்கம் நின்றவன்தான். சேரனுக்காக மலையமான் திருமுடிக்காரி படையெடுத்து வந்தபோது மலையைக் காத்து நின்று மாண்டான். செம்மேட்டில் அவனுக்குச் சிலை இருக்கிறது. ஆடி 17, 18-ஆம் நாள்களில் அவன் பெயரால் அரசு விழா நடக்கிறது, வில்வித்தைப் போட்டியும் உண்டு. அவன் எய்த அம்பைத்தான் ஊர் கொண்டாடுகிறது. காத்து நின்றதைப் பேசுவோர் குறைவு. அந்த வழக்கம் கால்பந்திலும் இருப்பதைப் பின்னால் பார்ப்போம்.

2. மைன்ஸ்: பின்வரிசை கற்ற இடம்

ஃப்ரீட்ரிக் பிறந்தது 1979 செப்டம்பர் 13 அன்று, ரைன்லாந்து பாலட்டினேட் மாநிலத்தின் பாட் க்ரோய்ஸ்நாக் என்ற சிறு நகரில். திராட்சைத் தோட்டங்கள் சூழ்ந்த ஊர் அது. மாநிலத் தலைநகரான மைன்ஸ் அங்கிருந்து ஏறத்தாழ 40 கிலோமீட்டர். இந்தத் தூரத்தை வாசகர் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும், கடைசிப் பிரிவில் தேவைப்படும்.

அவர் சேர்ந்த காலத்தில் மைன்ஸ் 05 பெரிய அணியல்ல. 1905-இல் தொடங்கிய சங்கமானாலும் புண்டஸ்லிகா என்ற முதல்நிலை லீக்கின் வாசலை அதுவரை மிதித்ததில்லை. இரண்டாம் நிலை லீக்கில், பெரும்பாலும் கீழ்ப்பாதியில் உழன்ற அணி. ஆனால் பின்வரிசை எப்படி நிற்க வேண்டும் என்பதில் அது ஜெர்மனியின் பெரிய அணிகளையே முந்தியிருந்தது. இதைக் கொஞ்சம் விரித்துச் சொல்ல வேண்டும். ஃப்ரீட்ரிக்கின் தொழில் முழுவதும் இதன்மேல்தான் நிற்கிறது.

ஜெர்மானியக் கால்பந்தில் நெடுங்காலம் "லிபெரோ" முறை ஆண்டது. எதிரணியின் ஒவ்வொரு முன்வரிசைக்காரருக்கும் ஒரு காவல். அந்தக் காவல் அவர் போகுமிடமெல்லாம் நிழல்போலப் போகும். எல்லோருக்கும் பின்னால் சுதந்திரமாக ஒருவர் உலவி, தப்பி வரும் பந்தை எடுத்துக்கொள்வார். அவர்தான் லிபெரோ. பெக்கன்பவுவர் அந்த இடத்தைக் கலையாக்கினார். 2000 ஐரோப்பியக் கோப்பையிலும் ஜெர்மனி 39 வயது லோதர் மத்தேயுஸை அந்த இடத்தில் நிறுத்தி, ஒரே ஒரு புள்ளியோடு தன் பிரிவில் கடைசியாக வந்து வெளியேறியது.

மைன்ஸில் 1995-இலேயே வேறொன்று நடந்துவிட்டது. வொல்ஃப்காங் ஃப்ராங்க் என்ற பயிற்சியாளர் அங்கே பொறுப்பேற்றபோது அணி இரண்டாம் லீக்கின் அடித்தட்டில் கிடந்தது. அவர் லிபெரோவை எடுத்துவிட்டார். ஆளைக் காப்பதை விட்டு இடத்தைக் காக்கும் நால்வர் வரிசையைக் கொண்டுவந்தார். பந்து இடப்பக்கம் போனால் நால்வரும் ஒரே கயிற்றில் கட்டியதுபோல் இடப்பக்கம் நகர வேண்டும், முன்னேறினால் நால்வரும் முன்னேற வேண்டும். ஒருவர் ஓரடி பின்தங்கினாலும் எதிரணி ஆள் ஆஃப்சைடு இல்லாமல் தப்பிவிடுவார். பழக்குவதற்காக அவர் வீரர்களைப் பந்தே இல்லாமல் மைதானத்தில் நடக்க வைத்தார். அந்த அணியில் முன்வரிசையில் ஆடிப் பின்னர் தடுப்பாட்டத்துக்கு மாறிய ஒருவர்தான் யூர்கன் க்ளாப். 2001 பிப்ரவரியில், அணி மீண்டும் தள்ளாடியபோது, ஆடிக்கொண்டிருந்த க்ளாப்பையே பயிற்சியாளராக அமர்த்தினார்கள். ஃப்ராங்கிடம் கற்றதை அவர் தொடர்ந்தார்.

ஃப்ரீட்ரிக் முதிர்ந்தது இந்த வகுப்பறையில். ஆளைத் துரத்துவது கால்வேலை. இடத்தைக் காப்பது கண்வேலை. பந்து எங்கே, பக்கத்து ஸ்டாப்பர் எங்கே, முதுகுக்குப் பின்னால் யார் என்று நொடிக்கு நொடி கணக்கிட வேண்டும். அது ஆடி ஆடித்தான் வரும். முன்வரிசைக்காரருக்கு 18 வயதில் வேகம் போதும். ஸ்டாப்பருக்கு நூறு ஆட்டம் வேண்டும், அதில் இருபது தோல்வியாவது வேண்டும்.

தோல்வியை அந்த அணி நிறையவே கண்டது. 2002-இல் கடைசி நாளில் பெர்லினில் யூனியன் அணியுடன் சமன் செய்தாலே முதல்நிலைக்கு ஏறியிருக்கலாம். 3-1 என்று தோற்றுத் திரும்பியது. 2003-இல் கதை இன்னும் கொடியது. மைன்ஸ் தன் கடைசி ஆட்டத்தை 4-1 என்று வென்று காத்திருந்தது. வேறோர் ஊரில் ஃப்ராங்க்ஃபர்ட் அணி ராய்ட்லிங்கனுக்கு எதிராகக் கூடுதல் நேரத்திலும் கோல் அடித்து 6-3 என்று முடித்தது. புள்ளிகள் சமம், கோல் வித்தியாசத்தில் ஒரே ஒரு கோல் குறைவு. அந்த மாலை மைன்ஸ் நகரத் திடலில் அழாதவர் இருந்திருக்க மாட்டார்கள். மூன்றாவது ஆண்டு, 2004-இல், கடைசி நாளில் டிரியர் அணியை 3-0 என்று வென்றபோதுதான் கதவு திறந்தது. ஃப்ரீட்ரிக் முதல்நிலை லீக்கில் கால் வைத்தபோது வயது 25-ஐ நெருங்கிவிட்டது.

25 வயதில் தொடக்கம்! நம் ஊரில் அந்த வயதில் "பந்தை விட்டுட்டு வேலையைப் பாரு" என்பார்கள்.

3. தேசியச் சட்டை

2006 உலகக் கோப்பை ஜெர்மனியிலேயே நடந்தது. அந்த 23 பேரில் ஃப்ரீட்ரிக் இல்லை. கோப்பை முடிந்து, பயிற்சியாளர் கிளின்ஸ்மன் விலகி, யோவாகிம் லோவ் பொறுப்பேற்ற முதல் ஆட்டம் ஆகஸ்ட் 16 அன்று கெல்சன்கிர்ஹனில் ஸ்வீடனுக்கு எதிராக நடந்தது, 3-0 வெற்றி. அன்று முதன்முறையாக ஜெர்மன் சட்டை அணிந்தார் ஃப்ரீட்ரிக். 27 வயது நிறைய ஒரு மாதமே பாக்கி. மூன்று வாரம் கழித்து சான் மரினோவில் ஜெர்மனி 13-0 என்று வென்ற ஆட்டத்தில், முடியும் தறுவாயில் ஒரு கோலும் அடித்தார். மொத்தம் 9 ஆட்டம், 1 கோல். 2008 ஐரோப்பியக் கோப்பை அணியில் இடம் கிடைக்கவில்லை.

ஒன்பதே ஆட்டம்தானா என்று எனக்குத் தோன்றியதில்லை. மெர்டசாக்கரும் மெட்சல்டரும் நின்ற இடம் அது. அவர்கள் இருவருக்கும் அடுத்து ஆள் தேவைப்பட்ட நாளில், பெரிய சங்கம் எதிலும் இல்லாத ஒருவரைத் தேடிப் பிடிக்கும் கண் அந்த நாட்டிடம் இருந்தது என்பதைத்தான் இந்த எண்ணிக்கையில் காண்கிறேன்.

4. லெவர்குசன்: இரண்டாமிடத்தின் ஆண்டுகள்

2007-இல் மைன்ஸ் மீண்டும் கீழே இறங்கியது. ஃப்ரீட்ரிக் பேயர் லெவர்குசனுக்கு மாறி 2013 வரை ஆறு பருவம் இருந்தார். மருந்துத் தொழிற்சாலைத் தொழிலாளர்களுக்காக உண்டான சங்கம் அது. அடிக்கடி இரண்டாவதாகவே வந்ததால் ஜெர்மானியர்கள் அதற்குப் பட்டப்பெயரே வைத்திருந்தார்கள். ஃப்ரீட்ரிக் இருந்த ஆண்டுகளிலும் அது மாறவில்லை. 2009 ஜெர்மன் கோப்பை இறுதியில் ஓசில் அடித்த ஒரே கோலால் பிரேமனிடம் தோற்றது. 2009-10 பருவத்தில் முதல் 24 லீக் ஆட்டங்களில் தோல்வியே காணாமல் இருந்தும் கோப்பை வரவில்லை. அடுத்த ஆண்டு யூப் ஹைன்கஸ் பயிற்சியில் இரண்டாமிடம்.

இந்த ஆண்டுகளில் கவனிக்க வேண்டியது, பக்கத்தில் நின்ற ஆள். லிவர்பூலில் பத்தாண்டு ஆடிய ஃபின்லாந்துக்காரர் சாமி ஹூபியா 2009-இல் வந்து சேர்ந்தார். முப்பதைத் தொட்ட ஒருவரும் முப்பத்தைந்தைக் கடந்த ஒருவரும் நடுவில் நிற்க, ஓர் அணி 24 லீக் ஆட்டங்கள் தோற்காமல் இருந்தது. ஓட்டத்தில் அவர்களைத் தோற்கடிக்கக்கூடிய இளைஞர்கள் ஒவ்வொரு எதிரணியிலும் இருந்தார்கள். ஆனால் ஓட வேண்டிய அவசியம் வராத இடத்தில் நிற்பது எப்படி என்று அந்த இருவருக்கும் தெரிந்திருந்தது.

5. 2013 நவம்பர்

2013 கோடையில் லெவர்குசன் ஒப்பந்தம் முடிந்தது. புது அணி எதுவும் அமையவில்லை. வயது 33, செப்டம்பரில் 34. ஆகஸ்ட், செப்டம்பர், அக்டோபர் என்று மாதங்கள் போயின. தொழில்முறை ஆட்டக்காரருக்கு இது ஓய்வு பெற்றதற்குச் சமம்.

நவம்பர் 9-இல் டோர்ட்மண்ட் அணியின் நெவன் சுபோட்டிச் முழங்கால் தசைநார் அறுந்து வீழ்ந்தார். 15-இல் மிலானில் ஜெர்மனிக்காக ஆடிய மாட்ஸ் ஹும்மல்ஸ் குதிகாலில் அடிபட்டார். ஆறு நாளில் நடுவில் நின்ற இருவரும் போய்விட்டார்கள். அடுத்த வாரம் பையர்ன் மியூனிக் வருகிறது. டோர்ட்மண்ட் பயிற்சியாளர் அப்போது யூர்கன் க்ளாப். அவர் தேடியது தம் பழைய மைன்ஸ் பின்வரிசைக்காரரை.

நவம்பர் 23. அரங்கில் 80,000 பேர். அரையாண்டாக எந்தப் போட்டி ஆட்டமும் ஆடாத 34 வயதுக்காரர், சில நாள் மட்டுமே பயிற்சி செய்துவிட்டு, ஐரோப்பாவின் நடப்புச் சாம்பியனுக்கு எதிராகத் தொடக்கத்திலிருந்தே களம் இறங்கினார். பக்கத்தில் நின்ற கிரேக்கர் சோக்ராட்டிஸ் பாப்பஸ்தாதோபுலோஸுடன் அவர் அதுவரை ஓர் ஆட்டம்கூட ஆடியதில்லை. 66-ஆம் நிமிடம் வரை கோல் விழவில்லை. பிறகு கோட்ஸே, ராபன், முல்லர்; ஆட்டம் 0-3.

செய்தித்தாளுக்கு மூன்று கோல் போதும். எனக்கு அந்த 66 நிமிடம்தான் ஆய்வுப் பொருள். உடம்பு பழக்கம் விட்டுப்போயிருந்த நிலையில் அவரை நிறுத்தியது எது? க்ளாப் வரிசையை எங்கே நிறுத்துவார், எப்போது முன்னே ஏற்றுவார், பந்து இழந்த கணத்தில் யார் எங்கே ஓடுவார் என்பது அவருக்குப் புதிதாகச் சொல்லத் தேவையில்லை. மைன்ஸில் கற்ற பாடம் அது. தாய்மொழியை ஆறு மாதம் பேசாதிருந்தால் மறந்துவிடுமா?

அடுத்த ஏப்ரல் 8 அன்று ரியல் மாட்ரிட் டோர்ட்மண்டுக்கு வந்தது. மாட்ரிட்டில் நடந்த முதல் ஆட்டத்தை அது 3-0 என்று வென்றிருந்தது. அன்றைய பின்வரிசை பிஷ்ஷெக், ஃப்ரீட்ரிக், ஹும்மல்ஸ், டூர்ம். வைடன்ஃபெல்லர் ஒரு பெனால்டியைத் தடுத்தார், ராய்ஸ் இரண்டு கோல் அடித்தார், 2-0 வெற்றி. கூட்டுக் கணக்கில் ஒரு கோல் குறைந்ததால் டோர்ட்மண்ட் வெளியேறியது. அந்த மாட்ரிட் அணிதான் பிறகு ஐரோப்பியச் சங்கங்களுக்கான கோப்பையைத் தூக்கியது. ஐந்து மாதத்துக்கு முன் வேலையில்லாமல் இருந்தவர் அதைத் தொண்ணூறு நிமிடம் கோலடிக்க விடாத வரிசையில் நின்றிருக்கிறார். கோப்பை எதுவும் அவர் கைக்கு வரவில்லை. இந்த இரவு வந்தது.

6. மும்பையும் சென்னையும், 2014

அந்த ஆண்டு அக்டோபரில் இந்தியன் சூப்பர் லீக் தொடங்கியது. ஃப்ரீட்ரிக் மும்பை சிட்டியில் சேர்ந்தார். அவர் ஆட்ட வாழ்வின் கடைசி அணி அது. எட்டு அணிகளில் மும்பை ஏழாவதாக முடித்தது. அதே பருவத்தில் சென்னையின் எஃப்சிக்கு மார்கோ மாட்டெராசி ஆட்டக்காரராகவும் பயிற்சியாளராகவும் வந்தார். அலெஸ்ஸாண்ட்ரோ நெஸ்டாவும் மிக்காயில் சில்வெஸ்டரும் அவரோடு சேர்ந்தார்கள். உலகக் கோப்பையை வென்ற இரு இத்தாலியத் தடுப்பாட்டக்காரர்களைச் சென்னை நேரு அரங்கில் ஒரே அணியில் காணும் பேறு நமக்குக் கிடைத்தது.

பெரும்பாலோர் இதை வயதானவர்களின் ஓய்வூதியப் பயணம் என்று எழுதினார்கள். நான் உடன்பட மாட்டேன். முப்பத்தைந்து வயது ஸ்டாப்பரிடம் கால் போயிருக்கும், கண் போயிருக்காது. அவரிடம் கற்பதற்குத்தான் நிறைய இருக்கிறது. பக்கத்தில் நின்று ஆடிய இந்திய இளைஞர்களுக்கு அது வகுப்பு. குறை வேறிடத்தில். அந்த வகுப்பில் உட்கார இடம் கிடைத்தவர்கள், ஏற்கெனவே படியேறி வந்துவிட்ட சிலர் மட்டுமே. ஐரோப்பியருக்கு எது கடைசிப் படியோ அதுதான் நம்மவருக்கு உச்சிப்படி. நடுவில் இருக்க வேண்டிய பத்துப் படிகளைப் பற்றிப் பேச்சே இல்லை.

7. கணக்கில் வராத வேலை

இந்தியா நல்ல தடுப்பாட்டக்காரர்களைக் கண்டதில்லை என்று யாரும் சொல்ல முடியாது. 1951 ஆசிய விளையாட்டில் தங்கம் வென்ற அணியின் தலைவர் சைலன் மன்னா, மோகன் பகானின் பேக். 1962 ஜகார்த்தாவில் மீண்டும் தங்கம் வென்றபோது நடுவில் நின்ற ஜர்னைல் சிங் பஞ்சாபி, பிரிவினையின் துயரைச் சிறுவயதில் கண்டவர். ஆனால் அவரைப் பற்றி எதைக் கேட்டாலும் ஒரே கதைதான் வரும்: தலையில் தையலோடு, பயிற்சியாளர் ரஹீம் சொல்லி முன்வரிசைக்கு மாறி, இறுதியாட்டத்தில் தென்கொரியாவுக்கு எதிராகக் கோல் அடித்தார் என்பது. ஆசியாவின் தலைசிறந்த ஸ்டாப்பர்களில் ஒருவரை அவர் கோல் அடித்ததற்காக நினைவில் வைத்திருக்கிறோம். ஓரிக்கு நேர்ந்ததுதான் இவருக்கும்.

மலையிலிருந்து வந்த ஒருவரையும் இங்கே சொல்லியாக வேண்டும். நாகா மலையின் சாங்கி ஊரில் பிறந்த தாலிமெரன் ஆவோ. சுதந்திர இந்தியாவின் முதல் ஒலிம்பிக் கால்பந்து அணிக்கு, 1948 லண்டனில், தலைமை ஏற்றவர். பெரும்பாலோர் வெறுங்காலோடு ஆடி பிரான்ஸிடம் 2-1 என்று நூலிழையில் தோற்ற அணி அது. ஆவோ முன்வரிசைக்காரரல்லர், பின்னால் நின்று காத்தவர். மருத்துவம் படித்து, ஆட்டம் முடிந்ததும் தன் மலைக்கே டாக்டராகத் திரும்பிப் போனார். ஜோர்ஹாட்டில் பள்ளி, குவாஹாட்டியில் கல்லூரி, கல்கத்தாவில் மருத்துவக் கல்லூரியும் மோகன் பகானும் என்று ஒவ்வொரு ஊரிலும் அவருக்குப் படிக்க ஓர் இடமும் ஆட ஓர் இடமும் சேர்ந்தே கிடைத்தன.

தமிழ்நாட்டில் திருச்சிக்காரர் தர்மராஜ் ராவணன் ஐ-லீக்கில் நெடுங்காலம் பின்வரிசையில் நின்று, சென்னை சிட்டி அணியின் தலைவராகவும் இருந்தவர். அந்தச் சென்னை சிட்டி கோயம்புத்தூரைத் தளமாகக் கொண்டு 2018-19 ஐ-லீக் பட்டத்தை வென்றபோது, கோயம்புத்தூர் நேரு அரங்கிலிருந்து எங்கள் மலையின் மாவட்டத் தலைநகரான நாமக்கல் மூன்று நான்கு மணி நேரப் பயணம். அவ்வளவு பக்கத்தில் ஒரு தேசியப் பட்டம் வந்து போயிற்று.

8. கொல்லிமலை: படி எங்கே உடைகிறது

இந்த மலையில் 14 ஊராட்சிகள். பெரும்பாலானவை "நாடு" என்றே முடியும். வாழவந்திநாடு, வளப்பூர்நாடு, அரியூர்நாடு, சேலூர்நாடு என்று. ஏறத்தாழ 40,000 மக்கள், பெரும்பான்மையோர் மலையாளி என்ற பழங்குடியினர். மிளகு, காபி, மரவள்ளி, வாழை, பலா. முன்பு சாமையும் கேழ்வரகும் நிறைய. பிள்ளைகள் உண்டு உறைவிடப் பள்ளிகளில் தங்கிப் படிக்கிறார்கள். சிறுவயதிலிருந்தே சுமையோடு மேடு ஏறி இறங்கிய கால்கள் அவை, மூச்சுக்குப் பஞ்சமில்லை.

பள்ளிக்கூடக் கால்பந்து நம் மாநிலத்தில் ஒழுங்காகவே நடக்கிறது. குறுவட்டம், மாவட்டம், மண்டலம், மாநிலம் என்று பாரதியார் தின, குடியரசு தினப் போட்டிகள். 14, 17, 19 வயதுப் பிரிவுகள். முதலமைச்சர் கோப்பையிலும் கால்பந்து உண்டு. அரசின் விளையாட்டு விடுதிகளில் 7, 8, 9, 11-ஆம் வகுப்புகளில் தேர்வு வைத்துச் சேர்த்துக்கொள்கிறார்கள். இவையெல்லாம் நல்ல ஏற்பாடுகள், இவற்றால் மேலே வந்த பிள்ளைகளை நான் அறிவேன். ஆனால் ஸ்டாப்பர் என்ற ஒருவரை மனத்தில் வைத்துப் பார்த்தால் இவற்றில் இரண்டு இடத்தில் படி உடைகிறது.

முதலாவது, தோற்றால் வீட்டுக்கு அனுப்பும் முறை. நாக்-அவுட்டில் முதல் ஆட்டம் தோற்ற பள்ளிக்கு அந்த ஆண்டு அத்துடன் முடிந்தது. முன்வரிசைப் பையன் அந்த ஒரே ஆட்டத்தில் இரண்டு கோல் அடித்துத் தேர்வாளர் கண்ணில் பட்டுவிடுவான். பின்வரிசைப் பையனின் அணி தோற்றது, ஆகவே அவன் கண்ணில் படவில்லை. புண்டஸ்லிகாவில் ஓர் அணிக்குப் பருவத்துக்கு 34 ஆட்டம். அதன் கீழே இரண்டாம், மூன்றாம், நான்காம் நிலை என்று ஊர்ச் சங்கம் வரை லீக் முறைதான். தோற்றவனும் அடுத்த வாரம் ஆடுவான். யூனியன் பெர்லினிடம் தோற்ற மைன்ஸ் அடுத்த ஆகஸ்டில் மறுபடி ஆடியது, அதற்கடுத்த ஆகஸ்டிலும் ஆடியது. இது கோடிக்கணக்கில் செலவு கேட்கும் காரியமில்லை. இந்த மலையின் 14 ஊராட்சிக்கும் ஓர் அணி என்று வைத்து, ஒவ்வொன்றும் மற்றொன்றோடு இரு முறை ஆடினால் ஓர் அணிக்கு 26 ஆட்டம் கிடைக்கும். மழைக்காலம் போக, ஞாயிறுதோறும் ஆடலாம். தேவைப்படுவது பந்து, விசில், ஆட்ட நடுவராகப் பழகிய ஆறேழு பேர், ஊருக்கு ஊர் போக ஒரு பிக்கப் வண்டி.

இரண்டாவது, வயது. 2000 தோல்விக்குப் பிறகு ஜெர்மானியக் கால்பந்துச் சங்கம் நாடெங்கும் 366 பயிற்சித் தளங்கள் அமைத்தது. 11 வயதுப் பிள்ளைகளைப் பெருஞ்சங்கங்களுக்கு வெளியே, ஊர்ப்புறத்திலேயே கண்டெடுக்கும் திட்டம். அதை எல்லோரும் புகழ்கிறார்கள், நானும் புகழ்கிறேன். ஆனால் ஃப்ரீட்ரிக் அதன் பிள்ளை அல்லர். அப்போது அவருக்கு வயது 20 தாண்டிவிட்டது. அவரைக் காப்பாற்றியது அதற்கு முன்பிருந்தே நிற்கும் பழைய லீக் ஏணி. 20 வயதிலும் ஏறலாம், 25 வயதிலும் ஏறலாம், வயதைக் கேட்காத ஏணி. நம்மிடம் 19 வயதுப் பிரிவு முடிந்ததும் மலைப் பிள்ளைக்கு அடுத்த படி எது என்று கேட்டால், சென்னை என்றுதான் பதில் வரும். சென்னைக்குப் போகக் கையில் என்ன இருக்கிறது?

இடையில் சாலையும் இருக்கிறது. செம்மேட்டிலிருந்து சோளக்காடு வழியாகக் காரவள்ளிக்கு இறங்கினால் 70 கொண்டை ஊசி வளைவு. பிறகு காளப்பநாயக்கன்பட்டி, சேந்தமங்கலம், நாமக்கல். 50 கிலோமீட்டருக்கு மேல். பாட் க்ரோய்ஸ்நாக்கிலிருந்து மைன்ஸுக்கு இதைவிடக் கொஞ்சம்தான் குறைவு. அங்கே ரயிலில் அரை மணிப் பயணம். ஒரு முறை மாவட்டப் போட்டிக்குப் போன அணியோடு நானும் வேனில் போனேன். விடியும் முன் கிளம்பினோம், பனி மூட்டம், ஓட்டுநருக்கு முன்னால் பத்தடிகூடத் தெரியவில்லை. நாற்பதாவது வளைவுக்குள் நான்கு பிள்ளைகள் வாந்தி எடுத்துவிட்டார்கள். நம் பள்ளத்துப் பக்கத்துப் பையன் ஜன்னலோரம் உட்கார்ந்து, தலையை வெளியே நீட்டி, ஒவ்வொரு வளைவையும் விரல் விட்டு எண்ணிக்கொண்டு வந்தான். ஒன்பது மணிக்கு ஆட்டம். வெயில் அவர்களுக்குப் புதிது. கீழே இருக்கும் அந்தத் தரைச்சூடு மலையில் சித்திரையிலும் கிடையாது. வெறும் வயிற்றோடு இறங்கியவர்கள் இடைவேளை வரை 0-0 என்று நிறுத்தினார்கள். பிறகு முடியவில்லை. அவன் ஆடிய ஒரே மாவட்ட ஆட்டம் அது. முந்தின நாள் மாலையே இறக்கி, ஒரு பள்ளி அறையில் படுக்க வைத்து, காலையில் நான்கு இட்லி கொடுத்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று இன்றுவரை நினைத்துக்கொள்கிறேன்.

பன்னிரண்டாம் வகுப்போடு அவன் படிப்பை நிறுத்தினான். மிளகு அறுப்புக் காலத்தில் சில்வர் ஓக் மரத்தில் ஏணி சாத்தி ஏறுகிறான். மற்ற நாள்களில் சோளக்காட்டுச் சந்தைக்குப் பலாவும் வாழையும் ஏற்றும் வண்டியில் போகிறான். இப்போது 19 வயது. ஃப்ரீட்ரிக் ஜெர்மன் சட்டை அணிய அந்த வயதிலிருந்து இன்னும் ஏழு ஆண்டுக்கு மேல் இருந்தது.

போன ஞாயிறு மைதானத்துக்கு வந்திருந்தான். சிறு பிள்ளைகள் அணி பிரித்துக்கொண்டிருந்தார்கள். கேட்காமலேயே போய்ப் பள்ளத்துப் பக்கம் நின்றுகொண்டான். பக்கத்தில் இன்னொரு சிறுவனை நிறுத்தி, அவன் தோளைப் பிடித்து இரண்டடி முன்னே தள்ளினான். "நான் நகர்ந்தா நீயும் நகரு. பந்தைப் பாக்காத, அவன் இடுப்பைப் பாரு" என்றான்.